அப்பாவின் ஸ்கேன் அறிக்கையில் '8பி'

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்தபோது இடது சிறுநீரகத்தில் 4.6 செ.மீ. கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் ரோபோ உதவியுடன் நுண்துளை வழியாக எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அறிக்கையில் 'ரீனல் ஸ்கோர் 8பி' என்று இருக்கிறது. தேடிப் பார்த்தால் 'நடுத்தரச் சிக்கல்' என்று வருகிறது. அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து 3 வருடம் ஆகிறது, ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். ஒப்புதல் படிவத்தில் ரத்தப்போக்கு முதல் உயிரிழப்பு வரை ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறார்கள். இவற்றில் எது அப்பாவுக்கு வரும், எது வராது என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா? கணினியும் செயற்கை நுண்ணறிவும் இவ்வளவு வளர்ந்த பிறகும் முடியாதா?
— ஒரு மகள்

பதில்: முதலில் அந்த 8பி-யைப் பிரித்துப் பார்த்துவிடலாம். 'நடுத்தரச் சிக்கல்' என்ற சொல்தான் உங்களை அதிகம் கலங்கடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழில் ஒரு சங்கடம் உண்டு. கட்டி கடினமான இடத்தில் அமைந்திருப்பதையும் சிக்கல் என்கிறோம். அறுவையின்போது வேண்டாத ஒன்று நேர்ந்துவிடுவதையும் சிக்கல் என்கிறோம். ரீனல் ஸ்கோர் பேசுவது முதலாவதைப் பற்றி. நூலில் முடிச்சு எவ்வளவு இறுக்கமாக விழுந்திருக்கிறது என்று அது சொல்கிறது. அவிழ்க்கும்போது நூல் அறுந்துவிடுமா என்பது அதற்குத் தெரியாது.

2009இல் குட்டிகோவ், உஸ்ஸோ என்ற அமெரிக்க மருத்துவர்கள் இந்த மதிப்பீட்டை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவர்கள் கிட்டத்தட்ட இதே நோக்கத்தோடு இன்னொரு மதிப்பீட்டைக் கொண்டுவந்தார்கள்; அதற்குப் பதுவா ஸ்கோர் என்றே பெயர். அதுவரை ஒரு மருத்துவர் 'கஷ்டமான கட்டி' என்று சொன்னால் அது எந்த விதத்தில் கஷ்டம் என்று இன்னொருவருக்குப் புரியாது. எல்லாருக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் வேண்டும் என்பதுதான் இரு தரப்புக்கும் இருந்த தேவை.

ரீனல் ஸ்கோரில் நான்கு விஷயங்களுக்குத் தலா 1 முதல் 3 வரை புள்ளி. ஆகக் குறைந்தது 4, ஆக அதிகம் 12. 4 முதல் 6 வரை எளிது, 7 முதல் 9 வரை நடுத்தரம், 10 முதல் 12 வரை கடினம். முதலாவது கட்டியின் அளவு: 4 செ.மீ. வரை 1 புள்ளி, 7 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 3, இடைப்பட்டதற்கு 2. அப்பாவின் கட்டி 4.6 என்பதால் இதில் அவருக்கு 2. அடுத்தது, கட்டி சிறுநீரகத்துக்கு வெளியே எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பது. பாதியோ அதற்கு மேலோ வெளியே தெரிந்தால் 1, முழுவதும் உள்ளே புதைந்திருந்தால் 3. மூன்றாவது, சிறுநீரகத்துக்குள்ளே சிறுநீர் சேரும் பைக்கும் கட்டிக்கும் இடையில் உள்ள தூரம். 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் 1, 4 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் 3. நான்காவது, கட்டி மேல்முனையிலோ கீழ்முனையிலோ ஒதுங்கியிருக்கிறதா, நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்பது.

கடைசியில் இருக்கும் 'பி' எழுத்துக்குப் புள்ளி கிடையாது. கட்டி சிறுநீரகத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கட்டி பெரிய ரத்தக்குழாய்களைத் தொட்டுக்கொண்டிருந்தால் 'எச்' என்ற எழுத்தும் சேர்ந்து வரும். நீங்கள் எழுதியதில் அது இல்லை. அது நல்ல செய்திதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மொத்தம் 8 என்பதில் அளவுக்கு 2 போனால் மீதி 6. இந்த 6 எப்படி வந்தது? மூன்றிலும் இரண்டிரண்டாக வந்திருக்கலாம். 3, 2, 1 என்றும் வந்திருக்கலாம். கூட்டுத்தொகை ஒன்றுதான், ஆனால் அறுவை அரங்கில் இவை வெவ்வேறு நாட்கள். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் பைக்கு மிக அருகில் என்பதால் 3 வந்திருந்தால், கட்டியை வெட்டும்போது அந்தப் பை திறந்துகொள்ள வாய்ப்பு அதிகம். அப்படித் திறந்தால் அதைத் தனியாக ஓர் அடுக்குத் தையல் போட்டு மூட வேண்டும். பிறகு சில நாட்கள் சிறுநீர்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டி முழுவதும் உள்ளே புதைந்திருப்பதால் 3 வந்திருந்தால் கவலை வேறு: மேலிருந்து பார்த்தால் கட்டியே கண்ணுக்குத் தெரியாது. அப்போது அறுவையின் நடுவிலேயே சிறுநீரகத்தின் மேல் வைத்துப் பார்க்கும் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவி கட்டாயம் தயாராக இருக்க வேண்டும். அதனால் உங்கள் மருத்துவரிடம் மொத்தப் புள்ளியைக் கேட்பதைவிட அது எதெதற்குக் கிடைத்தது என்று கேளுங்கள். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

முன்கூட்டியே கணிப்பதை நான் இப்படித்தான் பார்க்கிறேன். உங்கள் அப்பாவுக்கு இது வரும், இது வராது என்று யாராலும் சொல்ல முடியாது. எது வர வழி இருக்கிறது, அதற்காக அன்று காலை எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியும். இந்த இரண்டாவது வேலையை நன்றாகச் செய்தால் நோயாளிக்கு உண்மையிலேயே பலன் உண்டு.

ரீனல் ஸ்கோர் பார்க்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்ட நாளைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒருவருக்கு இதே அறுவையை லேப்பராஸ்கோப்பியில், அதாவது நுண்துளை வழியாகக் கேமரா செலுத்திச் செய்தேன். ஸ்கோர் வெறும் 5. கட்டி சின்னது, வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். உள்ளே போனால், சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பு அதன் மேல் பசை போட்டு ஒட்டியதுபோல் இருந்தது. வழக்கமாக மெதுவாகத் தள்ளினாலே விலகிவிடும் கொழுப்பு அது. அன்று ஒவ்வொரு அங்குலத்தையும் வெட்டி வெட்டிப் பிரிக்க வேண்டியிருந்தது. கொழுப்போடு சேர்ந்து சிறுநீரகத்தின் மெல்லிய உறையும் உரிந்து வந்தது. உரிந்த இடமெல்லாம் ரத்தம் கசிந்தது. நினைத்ததைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனது. வெளியே காத்திருந்த குடும்பத்தார் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. அவர் நலமாக வீடு திரும்பினார். ஆனால் மறுநாள் சி.டி. படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பில் வெள்ளைக் கோடுகள் இழையிழையாக ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. படத்தில் எல்லாம் இருந்தது. நான் கட்டியை மட்டும் பார்த்திருந்தேன்.

இந்த ஒட்டும் கொழுப்புக்கென்று 2014இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஒரு மதிப்பீட்டைக் கொண்டுவந்தார்கள். சுருக்கமாக 'மேப் ஸ்கோர்' என்போம். சிறுநீரகத்துக்குப் பின்னால் கொழுப்பு எத்தனை செ.மீ. தடிமன், அதில் அந்த வெள்ளை இழைகள் எவ்வளவு என்ற இரண்டையும் வைத்து 0 முதல் 5 வரை புள்ளி தருவது. கொழுப்பின் தடிமனுக்கு அதிகபட்சம் 2, இழைகளுக்கு அதிகபட்சம் 3. இதற்காகத் தனியாக ஒரு ஸ்கேன் தேவையில்லை. கையில் இருக்கும் படமே போதும். இந்தத் தொல்லை ஆண்களிடமும் வயது கூடியவர்களிடமும் அதிகமாகக் காணப்படுகிறது. உங்கள் அப்பா இரண்டு வகையிலும் வருகிறார் என்பதால் கட்டாயம் கேளுங்கள். அவரது கட்டி பின்பக்கத்தில் இருப்பதால், அந்தப் பக்கத்துக் கொழுப்பைத்தான் முழுக்கப் பிரித்தாக வேண்டியிருக்கும்.

பின்பக்கக் கட்டி என்றால் வழியையும் யோசிக்க வேண்டும். வயிற்றுக்குள் முன்பக்கமாகப் போனால் குடலை விலக்க வேண்டும். இடது பக்கம் என்பதால் மண்ணீரலும் கணையத்தின் வால் பகுதியும் பக்கத்தில் இருக்கும். முதுகுப் பக்கமாகப் போனால் குடலைத் தொடவே வேண்டாம், ஆனால் வேலை செய்ய இடம் குறைவு. இரண்டும் நல்ல வழிகள்தான். உங்கள் மருத்துவர் எதில் அதிகம் பழகியவரோ அந்த வழியில் அவர் போவதே அப்பாவுக்கு நல்லது.

அடுத்தது ரத்தக்குழாய்கள். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. அதனால்தான் கட்டியை வெட்டும் நேரத்தில் சிறுநீரகத் தமனியைக் கவ்வி போட்டு அடைத்துக்கொள்கிறோம். நாலில் ஒருவருக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் தமனி ஒன்றுக்கு மேல் இருக்கும். இரண்டாவது தமனி இருப்பது தெரியாமல் ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு வெட்டத் தொடங்கினால் களம் முழுக்க ரத்தமாகிவிடும். சி.டி. ஸ்கேனில் மருந்து செலுத்திய சில நொடிகளிலேயே எடுக்கும் தமனிக் கட்டப் படங்கள் இதற்காகத்தான். அப்பாவின் ஸ்கேனில் அந்தப் படங்கள் உண்டா, தமனி ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். திடீர் ரத்தப்போக்கு என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, முதல் நாளே படத்தில் பார்த்திருக்கக்கூடியது.

கவ்வியைப் போட்ட நொடியிலிருந்து அரங்கில் ஒருவர் நேரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். 25 நிமிடத்துக்குள் கட்டியை எடுத்து, தைத்து, கவ்வியை எடுத்துவிட வேண்டும் என்று பொதுவாக இலக்கு வைக்கிறோம். அதற்கு மேல் போகப் போக, காப்பாற்ற நினைத்த சிறுநீரகத்தின் திசுவே பாதிக்கப்படும் அபாயம் கூடுகிறது. ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். அப்பாவின் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும், அதிலிருந்து கணக்கிடும் சிறுநீரகச் செயல்திறன் எண்ணையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் இப்போதே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் உடல்நிலைக்கு வருவோம். இங்கே தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஸ்டென்ட் இருப்பவர் அறுவைக்குப் பயந்து ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தக் கூடாது. ரத்தம் அதிகம் போய்விடுமோ என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகத்தைக் காக்கப் போய் இதயத்தில் ஆபத்தை வரவழைத்துக்கொள்வது அது. ஸ்டென்ட் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடர்ந்தபடியே இந்த அறுவையைச் செய்வது இப்போது சாதாரணம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோப்பிடோகிரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் சேர்ந்திருந்தால் அதை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி எழுத்தில் தர வேண்டும்.

சர்க்கரை மாத்திரைகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் பெயர் அப்பாவின் சீட்டில் இருந்தால், உடனே மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். இவற்றைப் பெரிய அறுவைக்குக் குறைந்தது 3 நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. நிறுத்தும் நாட்களில் வேறு என்ன கொடுப்பது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

நுண்துளை அறுவை என்றால் உடம்புக்குச் சுமையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். காயம் சின்னது, வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம், எல்லாம் உண்மை. ஆனால் வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு உப்ப வைத்து, ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, சில மணி நேரம் வேலை செய்கிறோம். அந்த அழுத்தம் நுரையீரலை மேலே தள்ளும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தையும் குறைக்கும். அப்பா நிற்காமல் இரண்டு மாடி ஏறுவாரா, ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு அடைக்கிறதா என்பது ஸ்கோரில் வராத, ஆனால் நான் முதலில் கேட்கும் கேள்வி. 63 வயது என்பது எனக்குப் பெரிய கவலை தரவில்லை. 1990இல் ரால்ஃப் கிளேமனும் அவரது குழுவும் உலகில் முதன்முறையாக லேப்பராஸ்கோப்பி வழியாகச் சிறுநீரகத்தை அகற்றியது 85 வயது மூதாட்டி ஒருவருக்குத்தான். அறுவைக்கு முன் இருக்கும் நாட்களில் அப்பாவைத் தினமும் நடக்கச் சொல்லுங்கள். புகைபிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சி.டி. படத்தில் சிறுநீரகம் எது, கட்டி எது என்று எல்லை பிரித்து வரைவதில் கணினிகள் நன்றாகவே தேறிவிட்டன. 2019இல் கிட்ஸ் என்ற ஆய்வுப் போட்டிக்காக 300 நோயாளிகளின் படங்களைப் பெயர் நீக்கித் தொகுத்து, உலகம் முழுவதுமுள்ள ஆய்வுக் குழுக்களுக்கு வேலை கொடுத்தார்கள். அந்தத் துறை வேகமாக முன்னேறியது. இது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஒரே படத்துக்கு இரண்டு மருத்துவர்கள் 7 என்றும் 8 என்றும் வெவ்வேறு புள்ளி போடுவது நடக்கிறது. கணினி அந்த வேறுபாட்டைக் குறைக்கும்.

ஆனால் சிக்கல் வருமா என்ற கணிப்பு வேறு வகை. ஒரு மருத்துவமனையின் பழைய நோயாளிகளை வைத்துக் கற்றுக்கொண்ட கணினி, அங்கே அறுவை செய்த கைகளையும் சேர்த்துத்தான் கற்றிருக்கிறது. அதை வேறொரு இடத்துக்கு எடுத்துப் போனால் அதன் கணக்கு தப்பத் தொடங்கும். ஒரு பேச்சுக்கு, கணினி '100க்கு 15' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அப்பாவைப் போன்ற 100 பேரில் 15 பேருக்கு ஏதோ ஒன்று நேரலாம் என்று பொருள். அப்பா அந்த 15இல் ஒருவரா, மீதி 85இல் ஒருவரா என்பது அதில் இல்லை. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 2004இல் டிண்டோ, கிளேவியன் ஆகியோர் செம்மைப்படுத்திய தரவரிசைப்படி, மாத்திரையில் சரியாகும் காய்ச்சலும் சிக்கல்தான், அது முதல் நிலை. மறுபடி அரங்குக்கு அழைத்துப் போக நேர்ந்தால் மூன்றாம் நிலை. தீவிர சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு உயிருக்கு ஆபத்து என்றால் நான்காம் நிலை, உயிரிழப்பு ஐந்தாவது. எல்லாவற்றையும் ஒரே எண்ணில் சேர்த்தால் காய்ச்சலுக்கும் உயிருக்கும் ஒரே எடை வந்துவிடுகிறது. யாராவது உங்களுக்குச் சதவீதம் சொன்னால், 'மூன்றாம் நிலையும் அதற்கு மேலும் எவ்வளவு?' என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் கேட்கலாம், தயங்காதீர்கள்: 'இந்த அறுவையை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள், இதே அளவு கடினமானவை அதில் எத்தனை?' நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியால் புண்பட மாட்டார். 'எந்த நிலை வந்தால் வயிற்றைத் திறப்பீர்கள், எந்த நிலை வந்தால் முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பீர்கள்?' என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். நடுவில் திறந்த அறுவைக்கு மாறினால் வீட்டார் அதைத் தோல்வியாக நினைத்து உடைந்துபோகிறார்கள். சரியான நேரத்தில் மாறத் தெரிந்த மருத்துவரிடம் அப்பா பத்திரமாக இருக்கிறார் என்றே அதற்குப் பொருள். சந்திப்புக்குப் போகும்போது அறிக்கைத் தாளோடு ஸ்கேன் படங்களின் முழுப் பதிவையும் எடுத்துப் போங்கள். மேலே நான் சொன்ன பாதி விஷயங்கள் தாளில் இருக்காது.

அப்புறம் கடைசியாக ஒன்று. இதை எந்த ஸ்கோரும் உறுதியாகச் சொல்லாது, வீட்டில் இருக்கும் நீங்கள்தான் கண்டுபிடிக்க முடியும். கட்டியை வெட்டிய இடத்தில் உள்ள சின்னத் தமனியின் முனை சில நேரம் மெல்லிய குமிழ்போல வீங்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு திரும்பிய பிறகு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், உடைந்துகொள்ளும். பலருக்கு வருவதில்லை, ஆனால் வந்தால் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் திடீரென்று நல்ல சிவப்பாகப் போவது, கட்டிகட்டியாக ரத்தம் வருவது, விலாவில் புதிதாக வலி, தலைசுற்றல், படபடப்பு: இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள். தொடை அல்லது மணிக்கட்டு வழியாக நுண்குழாய் செலுத்தி, கசியும் அந்த ஒரு கிளையை மட்டும் அடைத்துவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு மறுபடி அறுவையே தேவைப்படாது. அறுவைக்குப் பிந்தைய அந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு, இந்த வசதி உள்ள மருத்துவமனையை விட்டு அப்பா வெகுதூரம் பயணம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.